போங்கில் இரண்டு வகை

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஸ்டுடியோவில் கேட்டார்கள். கூடவே ஒரு தாளும் அனுப்பியிருந்தார்கள். 'வெவ்வேறு கதைகளின் ஆட்கள் ஒரே மேடையில் மோதும் சண்டை கேம் ஏன் ஜாலியாக இருக்கிறது? பத்துக் குறிப்புகள்' என்று தலைப்பு. கீழே ஒன்று முதல் பத்து வரை எண் போட்டுக் காலி இடம். ஓய்வு பெற்ற மனுஷிக்கு வீட்டுப்பாடம் கொடுப்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. என்னிடம் பத்து இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. அதையும் தப்பாக மொழிபெயர்த்து, அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரி. கேமில் கோளாறு கண்டுபிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள், போகப்போக 'பேலன்ஸ்' பார்க்கும் இடத்துக்கு வந்தேன். எந்த ஆளுக்கு எவ்வளவு பலம், எந்த அடிக்கு எவ்வளவு வேகம், யாருக்கு எதில் பலவீனம் என்று முடிவு செய்கிற வேலை. அக்கம்பக்கத்தில் கேட்டால் பொம்மைகளுக்குள் பஞ்சாயத்து பண்ணுகிறேன் என்று சொல்வேன். அதைவிடச் சரியான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சமயம் நாங்கள் எடுத்திருந்த கேமில் மூன்று வீட்டு ஆட்கள். ஒரு காமிக்ஸ் கம்பெனியின் ராஜா ஒருவர்: கதாயுதம், மீசை, எங்கு போனாலும் பின்னால் ஒரு சங்கொலி. ஒரு கார்ட்டூன் கம்பெனியின் துப்பறியும் கொசு. மூன்றாவது நம் சொந்தச் சரக்கு, நம் பழைய பஸ் கேமில் வந்த கண்டக்டர் கமலம்மா. ராஜாவும் கொசுவும் பஸ் கண்டக்டரும் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்ள வேண்டும். சொல்லும்போதே சிரிப்பு வருகிறதல்லவா, அந்தச் சிரிப்புதான் முதலீடு. அதைக் கடைசிவரை கெடுக்காமல் கொண்டுபோவதுதான் கஷ்டம்.

ஏனென்றால் இந்த மாதிரி கேம் ஒரு கல்யாண மண்டபம். சம்பந்திகள் கூடுகிற இடம். எங்கள் ராஜா மல்லாந்து விழக் கூடாது, குப்புறத்தான் விழுவார் என்று காமிக்ஸ்காரர்கள் கடிதம் எழுதினார்கள். எங்கள் கொசுவை யாரும் இரண்டு கையால் தட்டி அடிக்கக் கூடாது, குழந்தைகள் அழுவார்கள் என்று கார்ட்டூன்காரர்கள் எழுதினார்கள். சண்டை கேமில் கொசுவை வேறு எப்படித்தான் அடிப்பது? காமிக்ஸ்காரர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. எங்கள் ராஜாவுக்குச் சமமாக ஒரு பஸ் கண்டக்டரா என்று கேட்டார்கள். அவரை எடுத்துவிட்டு எங்கள் கதையில் வருகிற மந்திரியைப் போடலாமே என்று நாசூக்காக ஒரு வரி. மந்திரி வந்தால் கமலம்மா போக வேண்டும், மேடையில் இடம் அவ்வளவுதான்.

கமலம்மாவை வரைந்து அசைய வைத்தவள் ஸ்டெல்லா. கோலார் தங்கவயல் பெண், தினமும் அங்கிருந்து ரயிலில் வந்து போகிறவள். நிற்க இடமில்லாத ரயிலில் இடித்துப் பிடித்து வந்ததாலோ என்னவோ, கூட்டத்தில் ஓர் உடம்பு எப்படி வளைந்து நுழையும் என்பது அவளுக்கு அத்துப்படி. கமலம்மாவின் குரலும் அவள் குரல்தான். டிக்கெட் மெஷினால் ஓர் அடி, விசிலால் ஓர் அடி, எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கத்தல். கமலம்மா "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கத்தினால் எதிராளி யாராயிருந்தாலும் கால் தானாக முன்னால் நடக்கும். கன்னடத்தில் முன்னால் போங்க என்று அர்த்தம் என்பதை நம் ஊர் பஸ்ஸில் ஏறிய யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சண்டை கேமில் பின்வாங்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான். பின்வாங்கவே விடாத ஆள் எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டெல்லாவை வேலைக்கு எடுத்ததே கமலம்மாவுக்காகத்தான், அதுவும் ஒப்பந்தத்தில். "கமலம்மா போனா நானும் போவேன்க்கா. அவளுக்குன்னுதான என்ன எடுத்தாங்க" என்று ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

இனி என் திருக்கூத்து. சனிக்கிழமைகளில் வெளியாட்களை வரவழைத்து விளையாட வைப்போம். மற்றவர்கள் விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். நான் என் தெருவிலிருந்து இரண்டு பேரை மெட்ரோவில் ஏற்றிக் கூட்டி வந்தேன். ஆட்டோ ஓட்டும் முனிராஜ், அவன் பெண்டாட்டியின் தம்பி தாஸ். தாஸ் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் வேலை செய்கிறான். மாமனும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கன்ட்ரோலரைப் பிடித்தால் அறையே நாறிப்போகும். ராஜாவின் கதாயுதம் மேலே விழுந்தால் தாஸ், "போங்கு மாமா, இது போங்கு" என்பான். கமலம்மா கத்தி ராஜாவை இழுத்தால் முனிராஜ், "டேய், பச்ச போங்குடா. உங்க குடும்பமே போங்குடா" என்பான். குடும்பம் என்றது தன் பெண்டாட்டியையும் சேர்த்துத்தான். பக்கத்து அறை ஆட்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார்கள்.

நான் மூலையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். படிவம் ஆங்கிலத்தில். 'விளையாடியவர் எதை ஆட்சேபித்தார்' என்று ஒரு கட்டம். போங்கு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன? அன்ஃபேர். அநியாயம். பக்கம் பக்கமாக அன்ஃபேர், அன்ஃபேர் என்று எழுதித் தள்ளினேன். ராஜாவின் கதாயுதம் அன்ஃபேர், கொசு மூலையில் ஒட்டிக்கொள்வது அன்ஃபேர், கமலம்மாவின் கத்தல் ரொம்பவே அன்ஃபேர்.

நம் தலைவர் நல்ல மனிதர், ஆனால் அட்டவணை என்றால் உயிரை விடுவார். கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். படிவங்களைப் பார்த்து முகம் வாடி, "மேடம், இத்தன அநியாயம் வெச்சிக்கிட்டு எப்படி கேம் வெளிய விடறது? எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க" என்றார். பண்ணினேன். ராஜாவின் கதாயுதத்தை இலேசாக்கினேன். கொசுவைக் கொழுக்க வைத்தேன். கமலம்மா கத்தினால் எதிராளி விரும்பினால் ஓர் அடி முன்னால் வைக்கலாம், இல்லாவிட்டால் நிற்கலாம் என்று ஆக்கினேன். இரண்டு வாரத்தில் மூன்று பேரும் துல்லியமாகச் சமம். யார் யாரோடு மோதினாலும் தராசு நேராக நின்றது. எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அடுத்த சனிக்கிழமை மாமனும் மச்சானும் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். ஆடினார்கள். ஒரு சத்தம் இல்லை. மூன்று ஆட்டம் முடிந்ததும் தாஸ் தன் போனை எடுத்துப் பார்த்தான். முனிராஜ் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். அவன் என்னிடம் மரியாதையாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா கீதுக்கா" என்றான். "டீ வருமா?"

நல்லா கீது. நம் தொழிலில் இதைவிடக் கேவலமான திட்டு கிடையாது.

"ஏன்டா, யாரும் போங்குன்னு கத்தவே இல்ல?"

முனிராஜ் கொஞ்சம் யோசித்தான். "யாரப் பார்த்துக்கா கத்தறது? மூணு பேரும் ஒரே ஆளாட்டம் கீறாங்க. டிரெஸ்ஸுதான் வேற."

தாஸ் போனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான். "முன்ன அந்தம்மா கத்துனா மாமா காலு தானா போவும். நான் அடிப்பேன், மாமா என்னத் திட்டும். இப்போ அந்தம்மா ஏதோ அப்ளிகேசன் குடுக்கறாப்ல கத்துது."

"அப்போ அதெல்லாம் அநியாயமா இல்லையா உங்களுக்கு?"

"அநியாயம்னு யாரு சொன்னா?" என்றான் முனிராஜ், நிஜமாகவே புரியாமல். "போங்குன்னுதான சொன்னோம்."

மறுநாள் முழுக்க அந்த வாக்கியம் மண்டைக்குள் ஓடியது. பழைய சனிக்கிழமைகளின் வீடியோவைத் திங்கட்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை, அவர்கள் இரண்டு பேர் முகத்தை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, போங்கு இரண்டு வகை. ஒன்று பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சொல்வது. தலை மச்சான் பக்கம் திரும்பும், வாய் திட்டும், கட்டைவிரல் அதற்குள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியிருக்கும். இன்னொன்று திரையைப் பார்த்துச் சொல்வது. குரல் இறங்கிவிடும், "போங்குப்பா இது" என்று, மச்சான்கூட அதற்கு ஆமாம் போடுவான். முதல் வகைதான் கேமின் சந்தோஷம். தோற்றவனுக்குத் திட்ட ஓர் ஆளைக் கொடுக்கிறோம். இரண்டாவது வகையில் திட்டு நமக்கு விழுகிறது, அது நம் தப்பு.

வீடியோ முழுக்கத் தேடினேன். இரண்டாவது வகை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வந்திருந்தது. கொசு மூலையில் ஒட்டிக்கொண்டால் யாராலும் தொட முடியவில்லை. மற்ற அத்தனையும் முதல் வகை. ஒரு கொசுவுக்காக ராஜாவின் கதாயுதத்தையும் கமலம்மாவின் வாயையும் பிடுங்கியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காமிக்ஸ்காரரும் கார்ட்டூன்காரரும் ஸ்டுடியோவுக்கு வந்து கேமைப் பார்ப்பதாக ஏற்பாடு. மந்திரியா கமலம்மாவா என்பது அன்று முடிவாகிவிடும். நான் செய்துவைத்திருந்த கமலம்மாவைப் பார்த்தால் யாராயிருந்தாலும் மந்திரியைத்தான் கேட்பார்கள். ஸ்டெல்லாவின் ஒப்பந்தமும் அந்த வாரத்தோடு முடிகிறது. அவளை வெளியே அனுப்பப் போவது 'அன்ஃபேர்' என்ற என் ஒரு வார்த்தை.

செவ்வாயும் புதனும் உட்கார்ந்து இன்னொரு பதிப்பு தயார் செய்தேன். கொசு மூலையில் ஒட்டாது. ராஜாவுக்குப் பழைய கதாயுதம். கமலம்மாவுக்குப் பழைய தொண்டை. ஸ்டெல்லா வரைந்த அசைவுகள் எல்லாம் அப்படியே இருந்தன, எண்களை மட்டும் திருப்பினால் போதும். புதன் மாலை தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"மேடம்," என்றார் அவர், "நீங்கதான அநியாயம்னு எழுதினீங்க. ராஜாவோட ஓனர் முன்னாடி ராஜாவ ஒரு கண்டக்டர் இழுத்துட்டுப் போனா என்ன ஆகும்? வெள்ளிக்கிழம போகட்டும். அப்புறம் பேசலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பான வார்த்தையைக் கொடுத்தவள் நான். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பேச ஸ்டெல்லா இருக்க மாட்டாள் என்பது மட்டும்தான் எனக்கு இடித்தது.

வெள்ளி காலை விருந்தினர் வந்துவிட்டார்கள் என்று தலைவர் லிஃப்டில் கீழே போனார். காட்சி அறையில் நான் ஒருத்திதான். மெஷினில் எதை ஏற்றுவது என்பது என் கையில். மேலே வர ஐந்து நிமிஷம் ஆகும். நல்ல பிள்ளையாக இருந்தால் என் வேலை பத்திரம். கேம் 'நல்லா கீது' என்று பேர் வாங்கும், ஒரு பெண் ரயில் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவாள். மாற்றினால் ஒப்பந்தமே முறிந்து ஸ்டுடியோவில் பதினோரு பேர் வேலைக்கு ஆபத்து வரலாம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஸ்டெல்லாவுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் பழியில் அவளுக்கும் பங்கு வரும். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது என் பதிப்பு ஏறி முடிந்திருந்தது.

காமிக்ஸ்காரர் ஐம்பதைத் தாண்டியவர். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். கார்ட்டூன் கம்பெனியிலிருந்து வந்தது ஓர் அம்மாள், அவர் வயதுதான். இருவரும் ஒருத்தரை ஒருத்தர் முதலில் உட்காரச் சொல்லி இரண்டு நிமிஷம் நின்றார்கள். சுத்தமான சம்பந்தி மரியாதை. தலைவர் தாமே காமிக்ஸ்காரரோடு விளையாடத் தயாரானார். அவர் விளையாடினால் விட்டுக்கொடுத்துத் தோற்பார் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டு, தலைவரிடம் "சார், நீங்க உட்கார்ந்து பாருங்க. மேடம் விளையாடட்டும்" என்று இரண்டாவது கன்ட்ரோலரை அந்த அம்மாள் கையில் வைத்தேன்.

முதல் ஆட்டம் ராஜாவும் கொசுவும். ராஜா ஜெயித்தார். "வெரி நைஸ்" என்றார் காமிக்ஸ்காரர். "உங்க ராஜா ரொம்ப கம்பீரம்" என்றார் அந்த அம்மாள். அவர் உதடு மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது. "அந்த பஸ் லேடிய எடுக்கறேன்" என்றார்.

அவருக்கு எந்தப் பொத்தான் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கினார். அதில் கத்தல் பொத்தானும் இருந்தது. ஸ்டெல்லாவின் குரல் அறையை அதிர வைத்தது. "முந்தே ஹோகி, முந்தே ஹோகி." மீசையும் சங்கொலியுமாக ராஜா மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியவர் மாதிரி குடுகுடுவென்று முன்னால் ஓடி வந்தார். டிக்கெட் மெஷின் நெற்றியில் இறங்கியது. கடிதத்தில் கேட்டுக்கொண்டபடியே குப்புற விழுந்தார்.

தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். புரிந்துவிட்டது என்று தெரிந்தது. காமிக்ஸ்காரர் கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வீடியோவில் முனிராஜ் இரண்டாவது வகைக்குத்தான் கன்ட்ரோலரைக் கீழே வைப்பான்.

அவர் வலது கைப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, முழங்கைவரை ஏற்றினார். பிறகு இடது கை. திரையை அவர் பார்க்கவே இல்லை, அந்த அம்மாளைப் பார்த்தார்.

"மோசா," என்றார் கன்னடத்தில். "மேடம், இது மோசா."

கன்னடத்துப் போங்கு. அந்த அம்மாள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். "உங்க ராஜாவுக்குக் காது நல்லா கேக்குது சார்" என்றார். அதற்குள் இவர் கட்டைவிரல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது.

கான்டீனிலிருந்து வந்த சாப்பாடு ஆறிப்போனது. தலைவர் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார், யாரும் கேட்கவில்லை. கடைசியில் காமிக்ஸ்காரர் கைகழுவ எழுந்தபோது ஒரு நிபந்தனை போட்டார். மந்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தம்மா கத்தும்போது எங்க ராஜாவுக்கு ஒரு தடவையாவது நிக்கற வழி வேணும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பாஸ் குடுங்க. பாஸ் வெச்சிருக்கிறவனக் கண்டக்டர் என்ன பண்ண முடியும்?" என்றார். மீசை வைத்த ராஜாவுக்குப் பஸ் பாஸ். பேலன்ஸ் வேலையில் இத்தனை வருஷம் இருந்த எனக்கு இது தோன்றியிருக்குமா?

அவர்கள் போனதும் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"தப்பாப் போயிருந்தா?"

"பதினோரு பேர் நடுத்தெருவுல நின்னிருப்போம்."

அவர் கோபத்தில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இனி வெளியே காட்டும் எந்தப் பதிப்பையும் நான் தொடக் கூடாது என்று அன்றே என் அனுமதியை எடுத்துவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை அது திரும்பி வரவில்லை. அதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், நான் செய்ததை வீரம் என்று எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள். என் வார்த்தையால் வந்த வினையை என் கையால் சரி பண்ணினேன், அதற்கு உரிய அடியையும் வாங்கிக்கொண்டேன். படிவத்தில் மட்டும் ஒரு மாற்றம் கேட்டு வாங்கினேன். 'என்ன சொன்னார்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'யாரைப் பார்த்துச் சொன்னார்' என்று இன்னொரு கட்டம். நீங்கள் இன்றைக்கும் அலுத்துக்கொண்டு நிரப்புகிற கட்டம் அதுதான்.

தலைவர் அறையிலிருந்து வெளியே வந்து நேராக ஸ்டெல்லாவின் மேஜைக்குப் போனேன். அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் காகிதம் எனக்கு முன்பே வந்து கீபோர்டுக்கு அடியில் கிடந்தது. மடித்தபடியே இருந்தது, அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ராஜாவின் இடுப்பு வேட்டியிலிருந்து ஒரு பஸ் பாஸ் அட்டை பாதி எட்டிப் பார்த்தது. நல்ல சேதி சொல்ல வந்த நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நல்ல சமயத்துல வந்தீங்க" என்றாள், தலையைத் திருப்பாமல். "பாஸ்ல ராஜா போட்டோ வரணுமே. சிரிக்கணுமா, வேணாமா?"

"பாஸ் போட்டோல எவன்டி சிரிச்சிருக்கான்" என்றேன்.

அவள் ராஜாவின் கண்ணைப் பிதுக்கி, மீசையை ஒரு பக்கம் கோணலாக்கி, காதை இரண்டு பக்கமும் தெரிய வைத்தாள். ஐந்தே நிமிஷத்தில் அவர் நம்மைப் போல ஆகிவிட்டார்.